ஆனைக்குட்டம் பக்கத்துச் சீனச் சூளையும் ஐந்தாவது ஆளும்

விருதுநகருக்கு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். சீனச் சூளை பார்க்க என்றேன். அதற்குச் சீனாவுக்கல்லவா போக வேண்டும் என்றார் கணவர். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்த பிறகும் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. ஒரு குழப்பத்தோடு கிளம்பி, நாலைந்து குழப்பங்களோடு வீடு வந்து சேர்ந்த பயணம் இது. பீங்கான் வேலை செய்கிற சிலர் இந்த வலைப்பூவைப் படிக்கிறீர்கள். உங்களில் யாராவது போய்வர நினைத்தால் உதவட்டும் என்றுதான் எழுதிவைக்கிறேன்.

நான் திருச்சியில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வார இறுதிகளில் கிண்ணம் செய்து சுடுவது ஐந்து வருடப் பழக்கம். கிண்ணத்துக்குப் பளபளப்பு தரும் பூச்சில் செம்பைக் கலந்து, பழைய சீனக் குயவர்கள் கொண்டுவந்த அந்த ஆழமான சிவப்பை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. எங்கள் வகுப்பின் கேஸ் சூளையில் எனக்கு இதுவரை கிடைத்தது ஆட்டு ஈரல் நிறம். அப்படியிருக்கும்போதுதான் போன ஆடியில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. விருதுநகரில் பீங்கான் கடை வைத்திருக்கும் ஜமால் பாய், முப்பது அடி நீளத்தில் ஒரு சீன விறகுச் சூளையைக் காட்டிக்கொண்டிருந்தார். சரக்கு எடுக்கச் சீனாவுக்குப் போனவர், கூட வந்த வியாபாரிகள் ஊர் சுற்றப் போக, இவர் மட்டும் ஒரு சூளைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் நின்றிருக்கிறார். திரும்பி வந்து ஆமத்தூருக்கும் ஆனைக்குட்டத்துக்கும் நடுவே இருந்த தன் நிலத்தில் அதே மாதிரி கட்டிவிட்டார்.

போன் செய்து, ஏப்ரலில் வரலாமா, விறகு நன்றாகக் காய்ந்திருக்குமே என்று கேட்டேன்.

“ஏப்ரல்லயா? டீச்சர், சுத்தி எல்லாம் பட்டாசுக் கம்பெனி. வெயில்ல வெடியக் காயப் போட்டிருப்பாக. நான் இங்கன பொறி பறக்க விட்டா விடுவாகளா? தீவாளி முடிஞ்சு கம்பெனியெல்லாம் மூடிக் கெடக்கும்ல, அப்பத்தான் நமக்கு அனுமதி.”

“அப்போது மழைக்காலமாச்சே பாய்?”

“ஆமா, மழைதான்.”

அவ்வளவுதான் பதில். ஊர் முழுக்க விறகு காய்ந்து கிடக்கும் காலத்தில் தீ மூட்டக் கூடாது. நனைந்து கிடக்கும் காலத்தில் மூட்டலாம். சீனாவில் இந்தச் சிக்கல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இது அவருக்கு மூன்றாவது சூடு, அதாவது சூளையை எரிக்கும் மூன்றாவது தடவை, என்பதையும் அன்றே சொன்னார். முதல் இரண்டிலும் சிவப்பு வரவில்லை. தம்பி அந்த நிலத்தைக் குடோன் கட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவையும் வராவிட்டால் செங்கல்லைப் பிரித்துவிட்டு இடத்தைக் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அப்படிப்பட்ட சூட்டுக்குப் பூச்சு கலந்து தருகிறேன் என்று நான் வாய் விட்டுவிட்டேன். ஆக, இந்த முறை பூச்சு என்னுடையது. ஆறு கிண்ணங்களையும் இரண்டு வாளிப் பூச்சையும் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே பார்சல் சர்வீஸில் அனுப்பியிருந்தேன். பூச்சை அவருடைய கோப்பைகளுக்கும் பூசி உள்ளே அடுக்கிவிட்டார்கள்.

தீபாவளி முடிந்து மூன்றாவது வெள்ளிக்கும் அடுத்த திங்களுக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு, வெள்ளி காலை ஐந்தே கால் ரயிலில் ஏறினேன். பொதுப்பெட்டி, தொண்ணூறு ரூபாய். எட்டரைக்கு விருதுநகர். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால், வழியில் மிளகாய் வத்தல் குடோன்களைத் தாண்ட வேண்டும். கைக்குட்டை கையில் இருக்கட்டும். சிவகாசி பஸ்ஸில் ஆமத்தூருக்குப் பதினைந்து ரூபாய், அரை மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டதற்கு டிரைவர் ஏழு என்றார். என் போன் ஒன்பது என்றது. மீட்டர் இல்லை, இருநூறு ரூபாய்.

“சீனாக்காரன் சூளைதான? நேத்து சாயங்காலமே பத்த வச்சுட்டாக” என்றார் டிரைவர்.

“சீனாக்காரர் யாராவது இருக்கிறாரா அங்கே?”

“அது எனக்குத் தெரியாதே. நீங்கதான சீனாச் சூளைன்னீக.”

பத்தே முக்காலுக்கு இறங்கினேன். சாரல். முள்கம்பி வேலி, ஒரு தகரக் கதவு. கதவில் நின்ற பெண், வயது நாற்பது இருக்கும், என் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்.

“தீப்பெட்டி, லைட்டர் எதும் வச்சிருக்கீகளா டீச்சர்?”

இல்லை என்றேன். போனை வாங்கி ஒரு டப்பாவில் போட்டார். என் துப்பட்டாவைத் தடவிப் பார்த்து, நைலான், கழற்றி வையுங்கள் என்றார். பக்கத்தில் பதினைந்து அடி தூரத்தில் ஒரு அடுப்புவாய் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. எரிகிற இடத்துக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்பதன் தர்க்கம் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது, தீப்பெட்டி ஜமால் பாயின் சட்டைப்பையில் மட்டும் இருக்கும். அவர் வந்து பற்ற வைத்துவிட்டு வேலிக்கு வெளியே போய்விடுவார்.

அந்தப் பெண்தான் முத்துக்கனி. பட்டாசுக் கம்பெனியில் பதினான்கு வருடம் மருந்து செலுத்தும் அறையில் இருந்தவர். அங்கே வெடிப்பொடிக்கு மருந்து என்றுதான் பெயர். இப்போது சூளையில் வேலை செய்யும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு ஆணும்கூட அதே தொழிலிலிருந்து வந்தவர்கள்தான். ‘இது வெடிக்காது’ என்ற ஒரே காரணத்துக்காக வந்தேன் என்றார் முத்துக்கனி. சூளை வேலை வருடத்தில் சில வாரம்தான். மற்ற நாள்களுக்கு ஜமால் பாயின் கடையில் சரக்குப் பிரிக்கிறார்கள். சூளை நின்றுவிட்டால் அந்த ஏற்பாடும் நின்றுவிடும். திங்கட்கிழமை கம்பெனிகள் பூஜை போட்டுத் திறக்கின்றன. வருகிறாயா இல்லையா என்று பழைய போர்மேன் ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருக்கிறாராம்.

“போகப் பிடிக்கலையா?” என்று கேட்டேன்.

“பிடிக்கல டீச்சர்” என்றார்.

சூளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேட்டின் மேல் படுத்திருக்கும் நீளமான செங்கல் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கோடியில் அடுப்பு, மேல் கோடியில் குட்டையான புகைபோக்கி. சரிவு இருப்பதால் தீ தானாக மேலே இழுத்துக்கொண்டு ஏறும். முதலில் கீழே எரித்துச் சூடேற்றி, பிறகு பக்கச் சுவரில் இருக்கும் துளைகள் வழியாகப் படிப்படியாக மேலே மேலே விறகு போட்டுக்கொண்டே போக வேண்டும். சீனாவில் மலைச்சரிவில் கட்டுவார்கள். இந்தப் பக்கம் சரிவுக்கு எங்கே போவது? கண்மாய் மண்ணை லோடு லோடாகக் கொட்டி ஒரு மேட்டை உண்டாக்கியிருக்கிறார் பாய். விறகு சீமைக்கருவேலம். பக்கத் துளைகளில் போடுவது பருத்திமார், காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகள், கத்தை கத்தையாக. சட்டென்று பிடிக்கும், சட்டென்று அடங்கும்.

சூளைக்கு மேலே தகரக் கூரை போட்டிருந்த கொட்டகைக்குள் நான் நுழைந்தபோதெல்லாம் ஒரு விசித்திரம் நடந்தது. நான் உள்ளே போனால், உள்ளே இருந்த நான்கு பேரில் ஒருவர் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். நான் வெளியே வந்தால் அவர் உள்ளே போவார். மூன்று தடவை இப்படி நடந்தது. என்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்து, டீ கொடுத்தவரிடம் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்துவைத்தேன். கடைசியில் முத்துக்கனியிடமே கேட்டுவிட்டேன்.

“ஒரு ரூமுக்கு நாலு பேருதான் டீச்சர். அஞ்சாவது ஆளு நிக்கக் கூடாது.”

“இது சூளையாயிற்றே. எந்தச் சட்டத்தில் இருக்கிறது?”

“சட்டமெல்லாம் தெரியாது. கம்பெனியில எங்களுக்கு அப்படித்தான் பழக்கம்.”

உச்சி வேளை வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். என் பூச்சில் செம்பு இருக்கிறது என்றதும் முத்துக்கனி புருவத்தைச் சுருக்கினார். “செம்பு போட்டா நீலம்ல வரும்? மத்தாப்புல நீலத்துக்குத்தான் போடுவோம். பச்சைக்குப் பேரியம், செவப்புக்கு வேற உப்பு. நீங்க என்ன செம்பப் போட்டு செவப்பு கேக்கீக?”

நியாயமான கேள்வி. பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்குச் செம்பு உப்பை நெருப்பில் காட்டிப் பச்சைச் சுடர் என்றுதான் நானே பாடம் நடத்துகிறேன். சூளையில் கதை வேறு. காற்று தாராளமாக இருந்தால் செம்புப் பூச்சு பச்சையாகும். காற்றைக் குறைத்துத் தீயை மூச்சுத் திணற வைத்தால், அது பூச்சிலிருக்கும் பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்ளும், அப்போதுதான் சிவக்கும். இதைச் சொன்னேன்.

“அப்ப கதவ அடைச்சுப்போட்டு எரிக்கணும்ங்கீகளா?”

“ஆமாம்.”

“நாங்க பூராம் கதவத் தெறந்து போட்டே வேல பாத்தவுக” என்றார். அவருக்கு இது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சூடு எவ்வளவு என்பதிலும் ஒற்றுமை இல்லை. மின் வெப்பமானி ஆயிரத்து இருநூற்று நாற்பது டிகிரி என்றது. வேண்டிய சூடு வந்ததும் வளைந்து காட்டுவதற்காக உள்ளே வைத்திருந்த மண் கூம்பு இன்னும் வளையவில்லை. சூளைக்காரர் துளைக்குள் எச்சில் துப்பி அது பொரிந்து ஆவியாகிற விதத்தைப் பார்த்துச் சூட்டை நிதானிப்பதைச் சீனாவில் ஜமால் பாய் வீடியோ எடுத்திருந்தார். நெருப்பில் எச்சில் துப்ப மாட்டேன் என்று முத்துக்கனி முன்பே சொல்லிவிட்டாராம். அதனால் வேப்பிலையைத் தண்ணீரில் நனைத்துத் துளைக்குள் உதறினார். அந்தத் துளி சொன்னதை அவர் மட்டும் புரிந்துகொண்டார். மூன்றில் எதை நம்புவது என்று தெரியாமல் நான் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டே முக்காலுக்குக் கூம்பு வளைந்தது. இனி காற்றைக் குறைக்கலாம் என்றேன். புகை போகும் வழியைக் குறுக்கே அடைக்கும் புகைபோக்கித் தகட்டைப் பாதி உள்ளே தள்ளினார்கள். போதாது, முக்கால் பங்கு தள்ளுங்கள் என்று சொன்னது நான்தான். இதை மறைத்து எழுத மனசு வரவில்லை. சிவப்பு வந்தே ஆக வேண்டும் என்ற அவசரம். மூன்று மணிக்கு இரண்டு பக்கத் துளைகளிலும் அடைப்புச் செங்கல்லை எடுத்துவிட்டுப் பருத்திமாரைப் போட்டார்கள். அதில் ஒரு கத்தை மழையில் நனைந்திருந்தது போலிருக்கிறது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு ‘பொம்’ என்று ஒரு சத்தம். இரண்டு துளையிலிருந்தும் என் கை நீளத்துக்குத் தீ நாக்கு வெளியே வந்து உள்ளே போனது.

விறகுச் சூளையில் இது சகஜம்; காற்றில்லாமல் தேங்கிய புகை சட்டென்று பற்றிக்கொள்வதுதான். படித்திருக்கிறேன். அதனால் நின்றேன். திரும்பிப் பார்த்தால் என்னைத் தவிர யாரும் இல்லை. கையிலிருந்த கத்தை, செங்கல், குறடு எல்லாம் கீழே கிடந்தன. யாரும் கத்தவில்லை, ஒருவரை ஒருவர் கூப்பிடவில்லை. தூரத்தில் வெறுங்கால்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. துளைகள் இரண்டும் ஆவென்று திறந்து கிடந்தன. காற்று உள்ளே போகிறது, சிவப்பு போகிறது என்று மனம் பதறியது. செங்கல்லைத் தொட்டேன்; சுட்டது. குறடை எடுக்கக் குனிந்தேன்.

வேப்பமரத்தடியில் முத்துக்கனியின் குரல். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவது ஆளு எங்க?”

மறுகணம் அவர் கொட்டகைக்குள் இருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

“மூட வேண்டும் முத்துக்கனி. எல்லாம் பச்சையாகிவிடும்.”

“மொத வெளிய வாங்க. பெறகு பேசுவோம்.”

கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனார். மரத்தடியில் என்னை நிறுத்தி மறுபடி எண்ணினார். ஐந்து என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். சத்தம் எதுவும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்கள். என் வாட்சில் பன்னிரண்டு நிமிடம். எனக்குக் கோபமான கோபம். இது என்ன பட்டாசா, வெறும் விறகுதானே, சும்மா ஒரு புகைக்கு இவ்வளவு ஓட்டமா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

முத்துக்கனி கோபப்படவில்லை. “‘ஒண்ணுமில்ல’ன்னு நின்னவுக யாரும் வெளிய வந்து எண்ணிக்கைக்கு நின்னதில்ல டீச்சர்” என்றார். மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

பிறகு நான்கு பேரும் உள்ளே போய், துளைகளை அடைத்து, தகட்டைப் பாதிக்குக் கொண்டுவந்து, வேலையைத் தொடர்ந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. ஐந்தரைக்கு எல்லா வாயையும் களிமண் வைத்துப் பூசி முடித்தார்கள். ஜமால் பாய் வேலிக்கு வெளியே நின்று, “வருமா டீச்சர்?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஆற இரண்டு நாள் ஆகும் என்பதால் விருதுநகரில் லாட்ஜ் போட்டேன். நாளுக்கு எண்ணூற்றைம்பது, சுமார் ரகம், வெந்நீர் பக்கெட்டில் வரும். எண்ணெய் புரோட்டா சாப்பிட்டேன். எல்லோரும் எழுதிவிட்டதால் நான் விவரிக்கவில்லை. சனிக்கிழமை முழுக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் சொல்லித் தகட்டைத் தள்ளாமல் இருந்திருந்தால் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சூளை போனால் எனக்கு ஆறு கிண்ணம் நட்டம். முத்துக்கனிக்குத் திங்கட்கிழமை மறுபடி மருந்து அறை. இது உறுத்தியது.

ஞாயிறு மூன்று மணிக்குத் திறந்தார்கள். கீழ்ப்பகுதியில் சாம்பல் ஒட்டிய பழுப்பு. மேல்கோடி அடுக்கில் பதினொரு கோப்பையும் என் கிண்ணம் ஒன்றும் நல்ல சிவப்பு, நான் ஐந்து வருடம் தேடிய சிவப்பு. நடுப்பகுதிதான் குழப்பம். அங்கிருந்த ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு அழுக்கு ஊதா. ஜமால் பாய் கைக்கு ஒரு கோப்பையாக வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி இறங்கினார்.

“டீச்சர், இது வந்திருக்கா, வரலையா?”

“பாதி” என்றேன். வேதியியல் ஆசிரியை சொல்கிற பதிலா இது?

நாலே காலுக்கு முத்துக்கனியின் போன் அடித்தது, பழைய போர்மேன். பார்த்தார், எடுக்கவில்லை. என் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்து, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, குனிந்து பார்த்தார். பச்சைப் பக்கம் நேராகப் பக்கத் துளையைப் பார்த்தபடி இருந்தது. அடுத்த கிண்ணத்தை வைத்தார். அதுவும் அப்படியே. எதிர்ப்பக்கத்துக் கோப்பைகளை வைத்தார். அவை எதிர்ப்பக்கத் துளையைப் பார்த்தன.

“பாய், நாங்க ஓடுன நேரத்துல காத்து போன பக்கம் பூராம் பச்சை. காத்து எட்டாத பக்கம் செவப்பு. அம்புட்டுத்தான் தப்பு.”

“அப்ப ஓடாம நின்னிருந்தா…” என்று ஆரம்பித்தார் பாய்.

“ஓடாம நிக்க முடியாது. அது கால்லயே இருக்கு. அத மாத்தச் சொல்லாதீக, கதவ மாத்துங்க.” ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டார். “இப்ப செங்கல்லக் கையில எடுத்துக் கீழ வைக்கோம். அதுக்குப் பதிலா மேல கீல் வச்சு ஒரு மூடி தொங்கட்டும். கையால தூக்கிப் பிடிச்சாத்தான் தெறக்கணும். விட்டுட்டு ஓடுனா அதுவா விழுந்து மூடிக்கிறணும்.”

“இரும்பு தாங்காதே கனி.”

“வெளிய இரும்புச் சட்டம், உள்ள செங்கல். பட்டறையில சொன்னாச் செஞ்சு குடுப்பாக.”

புத்தகம் புத்தகமாகப் படித்துவிட்டு வந்த என் மூளைக்கு இது எட்டவில்லை என்பதில் வெட்கமும், யாரையும் நெருப்பின் முன் நின்றே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாத அந்த யோசனையில் பெரிய நிம்மதியும் சேர்ந்து வந்தன.

ஜமால் பாய் குனிந்து அந்தக் கோட்டின் மேல் விரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். “தம்பி, குடோனுக்கு வேற எடம் பாரு. ஆமா, வந்திருச்சு. பாதி வந்திருச்சு. மீதிக்கு வழி தெரிஞ்சிருச்சு.” அவர் முடித்ததும் முத்துக்கனி தன் போனில் அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிட்டார். “அண்ணாச்சி, நாளைக்கு நான் வரல. இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வரல, அம்புட்டுத்தான்.”

அன்று விருதுநகர் பக்கம் பஸ் கிடைக்காததால் சிவகாசியில் தங்கிவிட்டு, திங்கள் காலை ஆறு ஐம்பது பஸ்ஸில் விருதுநகர் திரும்பினேன். சாலை நெடுகக் கம்பெனி வேன்கள், டிபன் வாளிகளோடு பெண்கள். ஆமத்தூர் நிறுத்தத்தில் ஒரு வேன் முத்துக்கனிக்கு முன்னால் நின்றது. உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு எங்கள் பஸ்ஸில் ஏறினார். கையில் துளைகளின் அளவு எழுதிய காகிதம். வெல்டிங் பட்டறை எட்டு மணிக்குத் திறக்குமாம். டிக்கெட் எனக்கும் சேர்த்து அவரே எடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: அங்கே வருடத்துக்கு ஒரு சூடுதான், தீபாவளிக்குப் பிந்தைய விடுமுறையில். தேதி மழையைப் பொறுத்து நகரும், ஆகவே ரயில் டிக்கெட்டை முன்கூட்டி எடுத்து ஏமாறாதீர்கள். பருத்தித் துணி உடுத்திக்கொள்ளுங்கள், உரசினால் பொறி வரும் என்பார்கள், கொலுசு வேண்டாம், தீப்பெட்டி வேண்டவே வேண்டாம். என் கணக்கில் நான்கு நாளுக்குப் பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து எழுநூறு ரூபாய் ஆனது. செம்புப் பூச்சு கொண்டுபோவதானால் கிண்ணத்தை மேல்கோடி அடுக்கில் வைக்கச் சொல்லுங்கள். புகைபோக்கித் தகட்டை எவ்வளவு தள்ளுவது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

முழுச் சிவப்புக் கிண்ணத்தை ஜமால் பாய் கடையில் வைத்துவிட்டு, பாதிக் கிண்ணம் ஒன்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எந்தப் பக்கம் சரி என்று பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குப் பச்சைப் பக்கத்தைப் பார்த்தால் முத்துக்கனி பிடித்திழுத்த என் மணிக்கட்டு ஞாபகம் வருகிறது.

இன்னும் ஒன்று. அங்கே இருக்கும்போது அவர்கள் ஓடினால் நீங்களும் ஓடுங்கள். எதற்கு என்று நின்று யோசிக்க வேண்டாம். நேற்று வந்தவராக இருந்தாலும் உங்களையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். ஒரு ஆள் குறைந்தால் யாராவது திரும்ப உள்ளே வர வேண்டியிருக்கும்.